முறைப்பாட்டுப் பெட்டி

கொட்டாஞ்சேனையில் மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்தும் ஐறீன் மிஸ் என் மேசையில் மூன்று தாள்களை அடித்து வைத்தார். மூன்றிலும் ஒரே வரி: உங்கள் மின்னஞ்சல் ஏற்கப்படவில்லை.

"என்ர மனுசனுக்குக் கிட்னி மாத்துற திகதியை உறுதிப்படுத்தச் சொல்லி சென்னை ஆஸ்பத்திரி கேட்டது. மூண்டு தரம் அனுப்பினனான். இங்க கோல் எடுத்தா, அது அங்கத்தப் பிழை மிஸ் எண்டு நீங்கதான் சொன்னீங்கள். திகதியை வேற ஆளுக்குக் குடுத்திட்டினம். இனி எப்பவோ!"

சொன்னது நான்தான். வெள்ளவத்தையில் இந்த இன்டர்நெட் கம்பனிக்கு வந்த நாலு வருஷமாக, யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

பிழை இங்கேதான். லொத்தரில் பரிசு விழுந்ததாக உலகம் முழுக்கப் பொய் மின்னஞ்சல் அனுப்பும் ஒருவன் எங்கள் வாடிக்கையாளன். நாங்கள் அவனுக்குக் கொடுத்த இணைய எண்ணும் மிஸ்ஸுக்குக் கொடுத்ததும் அடுத்தடுத்தவை. அவனை மறிக்கப்போய் ஆஸ்பத்திரி எங்கள் எண்கள் அத்தனையையும் மறித்துவிட்டது. அந்த எண்களை எங்கள் கம்பனிக்குத் தந்த பதிவகம் சும்மா தரவில்லை. முறைப்பாடுகளுக்கு ஒரு அஞ்சல் பெட்டி வை, அதை ஆள் வாசிக்க வேண்டும் என்று சொல்லித்தான் தந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாசிக்கிறீர்களா என்று கேட்டும் எழுதும். முதலாளி ஹியூபேட்டின் கெட்டித்தனத்தைப் பாருங்கள்: அந்தப் பெட்டிக்கு வருவதில் பதிவகத்தின் கடிதம் மட்டும் எனக்கு வரும், மற்றதெல்லாம் நேரே குப்பைக்கு. நான் 'ஆம்' என்று அமுக்குவேன். இடாப்புக் கூப்பிடும்போது பிரசன்ட் சொல்லிவிட்டு மதிலேறிப் பாயும் பிள்ளைகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எட்டுத் தரம் அமுக்கியிருக்கிறேன். த்தூ!

குப்பையைத் திறந்தேன். அந்த ஒருவனைப் பற்றி மட்டும் அறுநூற்றுச் சொச்சம் முறைப்பாடுகள்.

"சேர், இதை வந்து பாருங்கோ."

ஹியூபேட் எட்டிப் பார்த்தார். "அதை விடும் சுதர்சினி. அவன் பெரிய கஸ்டமர். மிஸ், நீங்க ஒரு ஜிமெயிலில இருந்து அனுப்பியிருக்கலாமே?"

மிஸ் மூன்று தாள்களையும் எடுத்து அவர் பக்கம் நீட்டினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பதிவகத்தின் தளத்தில் எங்கள் கம்பனியின் பக்கத்தைத் திறந்தேன். முறைப்பாட்டுக்கான இடத்தில் இருந்த பெட்டியை அழித்துவிட்டு, ஹியூபேட்டின் பெயரையும் அவருடைய சொந்தப் போன் நம்பரையும் போட்டேன். உலகத்தில் யாரும் பார்க்கக்கூடிய பக்கம் அது.

"உமக்கென்ன விசரா? நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை!"

"வரேல்ல சேர்."

திரையை மிஸ்ஸின் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். ஹியூபேட்டின் சட்டைப் பை வெளிச்சமாகி அலறத் தொடங்கியது. அவர் அதன்மேல் கையை வைத்து அமுக்கினார். அது நிற்கவில்லை.

"எடுங்கோ," என்றார் மிஸ், போனைக் காதில் வைத்தபடி, ஹியூபேட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு.