ஏழாம் எட்டாம் நாற்காலிகள்

"கைய எடுங்க. அந்தக் கைப்பிடி என்னோடது."

"நடுவுல இருக்கிறதே ஒண்ணுதான். உங்க பேரு எங்க எழுதியிருக்கு?"

"நான் முன்னாடியே வந்துட்டேன்."

"சரி, அடுத்த ஆட்டத்துக்கு நான் முன்னாடி வரேன்."

பதினோரு குளிர்காலத்துக்கு முன், அமெரிக்காவின் மெயின் மாநிலத்து டார்வெல் ஊரின் ஐஸ் ஹாக்கி அரங்கில், ஜெரல்டினுக்கும் ஆர்லோவுக்கும் நடந்த முதல் பேச்சு அது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், கணவனை இழந்தவள். அவர் முடிதிருத்தும் கடைக்காரர், தனிக்கட்டை. சீசன் டிக்கெட் அவர்களை ஏழிலும் எட்டிலும் உட்கார வைத்தது. கைப்பிடிச் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

இப்போது சண்டை போட இடமே இல்லாமல் போகப்போகிறது. கூரை ஒழுகி, ஆட்டத்தை நிறுத்தி ஐஸ்மேல் வாளி வைக்கும் அளவுக்கு அரங்கம் தளர்ந்துவிட்டது. புது அரங்கம் இரண்டு மணி நேரத் தொலைவில், வேறு ஊரில் எழுகிறது. சின்ன லீக்கில் ஆடும் 'நீர்நாய்கள்' அணியும் அங்கேயே குடிபோகிறது. நாற்காலிகள் யாருக்கும் கிடையாது, எல்லாம் பழைய இரும்புக்குத்தான் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். அப்புறம் ஆர்லோவைப் பார்க்க அவளுக்கு என்ன சாக்கு இருக்கிறது? ஆண்கள் கடையில் போய் முடிவெட்டிக்கொள்ளவா முடியும்?

அதனால் அந்த இரண்டு நாற்காலிகளையும் திருடுவதென்று ஜெரல்டின் தீர்மானித்தாள்.

ஏழும் எட்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருந்தன, நான்கே போல்ட்டுகள். ஹாக்கியில் இரண்டு இடைவேளை. முதலாவதில் ஆர்லோ காபி வாங்கப் போவார். அவள் கையுறை விழுந்ததுபோல் குனிந்து, பேருந்து ஸ்பேனரால் ஒரு சுற்று தளர்த்துவாள். அதற்கு மேல் துரு விடாது. இரண்டாவதில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்க அவள் போவாள். ஜனவரியிலிருந்து இதே வேலைதான்.

கடைசி ஆட்டம், ஞாயிறு மதியம். நீர்நாய்கள் ஆறு கோல் வாங்கித் தோற்றன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே கலைந்தது. ஜெரல்டின் எழுந்து நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். தொப்பிதான் கழன்று விழுந்தது.

"என்னம்மா பண்ற?"

"கண்ணு குருடா உனக்கு? திருடுறேன். பதினெட்டு ஆட்டமா கழட்டினேன், இந்தச் சனியன் வரமாட்டேங்குது!"

ஆர்லோவின் முகம் சிவந்தது. மெல்லக் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு ஸ்பேனரை எடுத்தார்.

"நீதானா அது? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாற்காலி ஆடுச்சு. நீ விழுந்து தொலைப்பியேன்னு, நீ வறுவலுக்குப் போறப்பல்லாம் நான் முடுக்கினேன்."

"அடப்பாவி மனுஷா!"

"இன்னிக்குத் துரு போக எண்ணெய் வேற விட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில், ஐஸ் தேய்க்கும் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆர்லோ முட்டி போட்டுக் கழற்றத் தொடங்கினார். எண்ணெயின் புண்ணியத்தில் நான்கும் வழுக்கிக்கொண்டு வந்தன.

"அது சரி, இருக்கிறது நீ ஒருத்தி. உனக்கெதுக்கு ரெண்டு நாற்காலி?"

ஆறு வருடமாகத் தொண்டைவரை வந்து திரும்பிப் போன வார்த்தை. வறுவலைக் கொறித்து விழுங்கியே காலம் தள்ளியிருந்தாள். இன்று கையில் வறுவல் இல்லை.

"என் வீட்டுக்கு வந்துடு, ஆர்லோ," என்றாள். "கைப்பிடிய நீயே வச்சுக்க."