மலைக்கு வைத்திருந்த பிளேட்டு

சனிக்கிழமை என்றால் ஊரே குச்சனூர் கோயிலுக்கு எள் தீபம் போடக் கிளம்பிவிடும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கேமராப் பெட்டியையும் முக்காலியையும் தோளில் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போவார். சின்னமனூரில் அவருக்குப் போட்டோக்காரர் என்று பேர். புருஷன் பேரை நான் சொல்வதில்லை என்பதால் எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

போய் என்ன செய்வார்? மேற்கு மலைக்கு நேராகப் பெட்டியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். வெயில் ஏறும் வரை அப்படியே நிற்பார். பிறகு படம் எடுக்காமலே திரும்பி வருவார்.

ஒருநாள் பின்னாலேயே போய், "மலை எங்கிட்டு ஓடிப்போகும்னு இம்புட்டு நேரம் காவல் காக்குறீக?" என்று கேட்டேன்.

கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே தலையை விட்டேன். கண்ணாடியில் மலை தலைகீழாகத் தொங்கியது. கீழே வானம், மேலே தண்ணீர். ஒரு கொக்கு மல்லாக்கப் பறந்து போனது. தினம் பார்த்துச் சலித்த மலைதான். ஆனாலும் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். வெளியே வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதுக்குள்ள நிக்கையில மனசு சும்மா கெடக்கு, ஜக்கம்மா. எனக்குக் கோயில் இதுதான்," என்றார்.

அவர் பிழைப்பு அப்படி. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் பயம். உயிரோடு இருக்கும்வரை யாரும் கேமரா முன்னால் வரமாட்டார்கள். செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, இவருக்கு ஆள் அனுப்புவார்கள். திரைத்துணிக்குப் பின்னாலிருந்து ஒருவன் தலை சாயாமல் பிடித்துக்கொள்வான்.

அது சீமையில் சண்டை நடந்த காலம். மதுரையிலிருந்து படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டு வருவது நின்றுபோய், ஒன்றே ஒன்று மிஞ்சியது. "இது மலைக்கு," என்று எடுத்து வைத்துவிட்டார். தேடி வந்தவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அடுப்பில் பூனை தூங்கியது. நான் போட்ட சத்தம் அவர் காதில் ஏறவே இல்லை.

ஐப்பசியில் அடைமழை வெறித்து வானம் தெளிந்த ஒரு சனிக்கிழமை. மலை உச்சிவரை கழுவித் துடைத்த மாதிரி நின்றது. "இன்னைக்குத்தான்," என்றார். என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று நானும் கூடப் போனேன். பிளேட்டைச் செருகி லென்ஸ் மூடியில் கை வைத்தார்.

கரைமேல் மலைச்சாமி ஓடிவந்தான். கண்மாய்க்குக் கீழே வயல் வைத்திருப்பவன். அவன் பெண்டாட்டி சந்தனம்மாளுக்கு இடுப்புவலி என்று முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தேன்.

"போயிட்டாக்கா," என்றான் என்னிடம். பிறகு அவர் பக்கம் திரும்பினான். "பொம்பளப்புள்ள பொழச்சுக் கெடக்குண்ணே. திருவிழாவுல ஒரு படம் எடுப்பம்னு அவளக் கூப்பிட்டேன். ஆயுசு கொறைஞ்சிரும்னு வரமாட்டேன்னுட்டா. எம்மகளுக்கு அவ ஆத்தா மொகம் வேணும்ணே."

அவர் மலையைப் பார்த்தார். கை மூடியிலேயே இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவரை நான் வெறுத்தேன். பிறகு பெட்டியை மடக்கினார்.

சந்தனம்மாளை வாசல் வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்திருந்தார்கள். திரை வேண்டாம் என்றான் மலைச்சாமி. "நானே பக்கத்துல உக்காந்து தாங்கிக்கிறேன். நாங்க ஒண்ணாப் படம் எடுத்ததே இல்ல." அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அவன் உடம்பு நடுங்கியது. கூடவே அவள் தலையும் ஆடியது. மூடியைக் கழற்றி மூடும்வரை இருவரும் அசையக் கூடாது. அசைந்தால் பிள்ளைக்குத் தாய் முகமும் இல்லை, வேறு பிளேட்டும் இல்லை.

"அசையாத மலைச்சாமி," என்று சொல்லிப் பார்த்தார். அவனால் முடியவில்லை.

அவர் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். இரண்டு பேரையும் அப்படியே மேற்கே பார்க்கத் திருப்பச் சொன்னார். பெட்டியை எதிரில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தான் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"ஏலே, என்னையப் பாக்காத. பெட்டியவும் பாக்காத. அங்கன மலை தெரியுதா? அத மட்டும் பாரு."

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தோள் மெல்ல அடங்கியது. அவர் மூடியைக் கழற்றினார்.

படம் கழுவி எடுத்தபோது, பின்னால் நின்று மாரடித்த சனமெல்லாம் புகையாகக் கலைந்திருந்தது. சந்தனம்மாள் தூங்குகிறவள்போல இருந்தாள். மலைச்சாமி மயிரிழைகூட அசையவில்லை. மலைக்கென்று வைத்திருந்த பிளேட்டில் மலை மட்டும் இல்லை. அவருக்கும் சேர்த்து நான் அழுதேன்.

கருமாதி முடிந்த சனிக்கிழமை, வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிளேட்டு இல்லாமல் எதற்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு கூடவே போனேன். கரையில் எங்களுக்கு முன்னாலேயே மலைச்சாமி, துண்டில் சுற்றிய பிள்ளையோடு உட்கார்ந்திருந்தான். அவர் பெட்டியை நிறுத்திக் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார்.

மலைச்சாமி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையை உள்ளே விட்டான். கொஞ்ச நேரத்தில் துணி குலுங்க ஆரம்பித்தது. முக்காலியும் சேர்ந்து ஆடியது. இந்தத் தடவை அவர் அசையாதே என்று சொல்லவில்லை.