தராசில் ஏறியது

“யாரும் தூளியைத் தொடாதீங்க, தொட்டா தராசு தப்பாக் காட்டும்” என்றாள் வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ். தூக்கும் இயந்திரத்தின் கொக்கியில், கனத்த துணித் தூளிக்குள், கட்டிலுக்கு மேலே அப்பா தொங்கிக்கொண்டிருந்தார். கொக்கிக்கும் தூளிக்கும் நடுவிலிருந்த டிஜிட்டல் தராசில் எண்கள் நிலைகொள்ளாமல் தவித்தன. எடையைப் பார்த்துத்தான் வலி மருந்தின் அளவைச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெரியவள் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நின்றாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவளுக்கு அடுப்படி வேலை. அப்பாவின் பக்கத்தில் தங்கைதான் நிற்பாள். இன்று தங்கை குளிக்கப் போயிருந்ததால் இவளுக்கு அழைப்பு வந்தது.

தங்கை வெளியூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை ஊட்டியது, துடைத்துவிட்டது, புரட்டிப் படுக்க வைத்தது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டது எல்லாம் பெரியவள்தான். அப்போதெல்லாம் எடை இறங்கிக்கொண்டே போனது. தங்கை வந்து கஞ்சி ஊட்டினாள், எடை ஏறத் தொடங்கியது. காய்ச்சியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. “சின்னவ கைராசி” என்று அத்தை வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு மரியாதையாக வேறு பெயர் தேட அவளுக்கு நேரமில்லை.

“பரவாயில்லையே, போன வாரத்தைவிடக் கூடியிருக்கு!” நர்ஸின் முகம் மலர்ந்தது.

அப்போதுதான் பெரியவள் பார்த்தாள். தூளியின் ஓரத்திலிருந்து அப்பாவின் கை நீண்டு, கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

“அப்பா, என்ன பண்றீங்க? கையை விடுங்க.”

விட்டார். எண் மளமளவென்று சரிந்தது. நர்ஸ் தராசைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். “இவ்வளவு நாளா இந்தத் திருட்டு வேலைதானா ஐயா?” என்றவள், அவரை மெல்லக் கட்டிலில் இறக்கிவிட்டு, சரியான எடையை டாக்டரிடம் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. “சின்னவகிட்ட சொல்லிடாதே. எடை ஏறுச்சுன்னா சின்னப் புள்ள மாதிரி குதிக்கிறா.”

“நான் ஊட்டுனப்போ ஒரு நாளாவது இழுத்தீங்களாப்பா?”

அப்பா அவளை வியப்போடு பார்த்தார். “உனக்கு எதுக்கும்மா? தினம் தூக்கிப் புரட்டுறவ நீ. உன்னை ஏமாத்த முடியுமா?”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. ஏமாற்றுவதற்குக்கூட லாயக்கில்லாமல் போனோமே என்றுதான் இருந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மதியம் கஞ்சி இறங்கவில்லை. மாலைக்குள் அப்பாவின் மூச்சு அடங்கிவிட்டது.

தங்கை அழுது ஓய்ந்து, வீங்கிய முகத்தோடு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, காலையில எடை பார்த்தாங்களே… எவ்வளவுக்கா இருந்துச்சு?”

உண்மை பெரியவளின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்தக் கைராசி இன்றோடு ஒழிந்தது. அத்தையும் கூடத்தில்தான் இருந்தாள், நன்றாகவே காதில் விழும்.

“ஏறியிருந்துச்சு” என்றாள். “போன வாரத்தைவிட.”

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வருகிறவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொல்வது உள்ளே கேட்டது. “கடைசி நாள்கூட ஏறியிருந்துச்சு. என் கையாலதான் சாப்பிட்டாரு.”

அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றாள். “நெசமாவாடி? சின்னவ சொல்றாளே.”

“ஆமா அத்தை” என்றாள் பெரியவள். பால் பொங்கி மேலே வந்தது. குனிந்து அடுப்பைக் குறைத்தாள்.