வெள்ளிக்கிழமை நோய்

டிஸ்க் போட்டு விளையாடும் அந்த மெஷின் எங்கள் கடைக்கு வந்தது எண்பத்தேழாம் வருடம், தைப்பூசம் கழிந்த மறுவாரம். மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் என் அக்காள் வீட்டுக்காரர் உடையப்பன் மாமா வீடியோ டேப்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கடையின் பின்னறையில் நான்கு டிவி, நான்கு கேம் மெஷின். மூன்று மெஷின்களில் செங்கல் மாதிரி ஒரு கேசட்டைச் செருக வேண்டும். அவை தட்டினாலும் குட்டினாலும் ஓடும். நான்காவது அப்படியில்லை. உள்ளங்கை அளவு மஞ்சள் டிஸ்க்கை அதன் வாய்க்குள் தள்ளினால், கரகரவென்று சுற்றிப் படித்துவிட்டு ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவரும். படிக்க முடியாவிட்டால் கறுப்புத் திரையில் ஓர் எண் மட்டும் வந்து நிற்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பின்னறையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, பாப்பா அக்காளோடு நானும் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். தள்ளி வேறு ஊரில், கமுந்திங்கில், ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை ஆகியிருந்தது. என்னோடு தோட்டப் பள்ளியில் படித்த ராக்காயி அங்கே பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை தொழிற்சாலை வேன் ஈப்போவுக்கு வந்து புது ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். எந்த மாதம் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். மாமாவிடம் கேட்டேன்.

"போலாம், யாரு வேணாங்கிறா? இந்த மெஷின் மொதல்ல ஒழுங்கா ஓடட்டும். நீ இல்லாட்டி அது யாரு பேச்சையும் கேக்காது லா, நவமணி."

அவர் சொன்னது பொய்யில்லை. டிஸ்க்கை உள்ளே தள்ளி, சுற்றத் தொடங்கும்வரை அதன் ஓரத்தைச் சுண்டுவிரலால் இலேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி எனக்கு மட்டும்தான் வந்தது. பள்ளி விட்டு வரும் பையன்கள், "அக்கா, படிக்கமாட்டேங்குது!" என்று கத்துவார்கள். "உங்க கூடத்தானே இருக்கு, எப்படிப் படிக்கும்?" என்று எழுந்து போவேன். ஒன்றுக்குப் போனால்கூட யாராவது கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள்.

மாமா அதை ஆ சோங் என்ற சீன ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் திரும்பி வந்தது. யார் போட்டாலும் படித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே கறுப்புத் திரை, அதே எண். மறுபடி ஆ சோங். மறுபடி சரியாகி வந்தது. மறுபடி வெள்ளிக்கிழமை படுத்துக்கொண்டது. இதற்குள் வேன் இரண்டு தடவை வந்து நான் இல்லாமலே போய்விட்டது.

மூன்றாவது தடவை நானே கொண்டுபோனேன். ஆ சோங் மூடியைக் கழற்றி, டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் சின்ன முனையைப் பஞ்சால் துடைத்து என் முன்னே நீட்டினார். பஞ்சு பழுப்பாக இருந்தது.

"கோத்தோர் லா, அழுக்கு," என்றார் மலாயில். "உங்க கடையில யாரு இப்படி சிகரெட் ஊதுறது?"

மாமா பீடிகூடத் தொட்டதில்லை. பஞ்சை வாங்கி முகர்ந்தேன். சிகரெட் வாசனை இல்லை. பூஜை அறை வாசனை.

அந்த வெள்ளிக்கிழமை அக்காள் கூடவே நின்று கவனித்தேன். தோட்டத்தில் ஆயுதபூஜைக்குப் பால்வெட்டும் கத்திக்கும் வாளிக்கும் பொட்டு வைத்துப் புகை காட்டுவோம். வருடத்துக்கு ஒரு நாள். கடை வைத்த பிறகு அக்காளுக்கு ஒவ்வொரு வெள்ளியும் ஆயுதபூஜை. எல்லா மெஷினுக்கும் விபூதி, சந்தனம், குங்குமம். முதல் மூன்றுக்கும் தூபக்காலை ஒரு சுற்று. நான்காவதிடம் வந்ததும் நின்றாள். நோயாளிப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். விரலால் அதன் வாயைத் திறந்து, சாம்பிராணிப் புகையை ஊதி ஊதி உள்ளே அனுப்பினாள்.

"பாவம், இதுக்குத்தான் கண்ணு அதிகம்," என்றாள்.

அது எவ்வளவு கெட்டதோ அவ்வளவு அதிகமாகப் புகை போட்டாள். எவ்வளவு புகை போட்டாளோ அவ்வளவு கெட்டது.

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆ சோங் செய்ததுபோலவே பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி நானே துடைத்தேன். அடுத்த வெள்ளியிலிருந்து பூஜைக்கு முன்பு மெஷினின் வாயில் கண்ணாடி டேப் ஒட்டி, பூஜை முடிந்ததும் பிய்த்துவிடுவேன். வாய் திறக்காததால் அக்காள் வெளியே மட்டும் புகை காட்டிவிட்டுப் போவாள். அதன்பிறகு அது நிற்கவே இல்லை. மாதம் முடிய இருந்தபோது மாமாவிடம் போனேன்.

"இப்ப ஒழுங்கா ஓடுது மாமா. வர்ற திங்கள் வேனுக்குப் போறேன்."

"ஓடாம என்ன? உன் கைராசி அப்படி! ரிப்பேர்கார சீனனாலயே ஆகாதது உன்னால ஆயிருச்சு. நீ போன மறுநாளே படுத்துக்கும் லா."

கெட்டால் போக முடியாது. நன்றாக ஓடினாலும் போக முடியாது. இதை யோசித்துக்கொண்டே அந்த வெள்ளிக்கிழமை டேப் ஒட்டாமல் விட்டேன். அக்காள் புகை போட்டு முடித்து அடுப்படிக்குப் போனதும் மாமாவைக் கூப்பிட்டு டிஸ்க்கைப் போடச் சொன்னேன். கறுப்புத் திரை. மூடியைக் கழற்றித் துடைத்துப் பஞ்சைக் காட்டினேன். மறுபடி போடச் சொன்னேன். ஆட்டம் வந்தது.

"கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. சாம்பிராணி."

மாமா பஞ்சையும் அக்காள் போன கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "புகை பட்டா இதுக்கு என்ன, ஆஸ்த்மாவா?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, உங்க அக்காகிட்ட யாரு சொல்றது? உன் பூஜையாலதான் கெடுதுன்னு சொன்னா அவ சோறு திங்கமாட்டா. நீ பேசாம இருந்து, வெள்ளிக்கு வெள்ளி டேப்ப ஒட்டிரு."

நானே போய்ச் சொன்னேன். அடுப்படியில் அக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இத்தனை நாளா நான்தான் அத கொன்னுக்கிட்டு இருந்தேனாடி?"

"நீ நல்லதுக்குத்தானே செஞ்ச."

கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு மட்டும் காட்டாம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். யோசித்துவிட்டு, பின்னறைக்குப் போய் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பொட்டு வைத்தாள். "போதும். இனிமே புகை வேணாம். எல்லாம் சாமிக்குத் தெரியும்."

இவ்வளவு சுலபமாக முடியுமென்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பெட்டி?"

"நாளைக்கு வேன், மாமா. மெஷின்தான் சரியாயிருச்சே."

"மெஷினா?" தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "கமுந்திங்ல உனக்கு யாரு இருக்கா? வயசுப் பொண்ணு ஹாஸ்டல்ல கெடந்தா நாளைக்கு எவன் கட்டுவான்? ஊரு என்னத்தான் கேக்கும். பெட்டிய உள்ள வை."

அக்காளைப் பார்த்தேன். அவள் மாமாவுக்கு ரசம் ஊற்றினாள். பிறகு எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை வேன் வரும் நேரத்துக்கு நான் பின்னறையில் இருந்தேன். பையன்கள் வந்தார்கள். வழக்கம்போல் டிஸ்க்கைப் போட எழுந்தேன்.

"நீங்க உக்காருங்கக்கா, நாங்களே போட்டுக்குவோம்."

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். டிஸ்க் கரகரவென்று சுற்றியது. முதல் தடவையிலேயே படித்தது.