கழுத்தில் கிடந்த டேப்

...திரும்பிப் போகிற டிக்கெட் இருக்கிறது, அக்கா வீட்டு விலாசம் இருக்கிறது, பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதத்துக்கு மேலேயே இருக்கிறது, விசாவே வேண்டாம் என்கிற நாடு, அப்புறம் எதற்கு இந்தப் பயம்? குடியேற்ற வரிசை நகர்வேனா என்றது. முன்னால் நிற்கிறவரின் கோட்டில் இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கிறது, எந்தப் புண்ணியவான் தைத்தானோ, பிரித்துத் தைத்தால் அரை மணி நேர வேலை... சே, தையலை நினைக்காதே, முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அக்கா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "ஒரு மாசம் தங்கலாம், சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு. என் கடையில தைக்க வர்றேன்னு மட்டும் வாயைத் திறந்துடாத. திரும்பற டிக்கெட்டு சும்மா காட்டத்தான், அப்புறம் பாத்துக்கலாம்." அப்புறம் பார்த்துக்கொள்வதாம், கல்யாணத்தையே அப்படிப் பண்ணிக்கொண்டவள் வேறு எப்படிப் பேசுவாள்?

ஏன் இப்படி வியர்க்கிறது, சால்வையை எடுத்தால் என்ன என்று கழுத்தில் கை வைத்தவளுக்குத் திக்கென்றது. இஞ்ச் டேப்! காலையில் பேத்தியின் பள்ளிச் சட்டைக்கு அளவெடுத்துவிட்டு அப்படியே போட்டுக்கொண்டு, வளையலைக் கூடக் கழற்றச் சொன்ன பரிசோதனையையும் தாண்டி, நாடு விட்டு நாடு கொண்டுவந்திருக்கிறாள், இருபது வருடமாக அதைப் போட்டுப் பழகிய கழுத்துக்கு அது இருப்பதே தெரியவில்லை. இங்கே வேலை செய்யக் கூடாது, செய்ய வந்ததாகத் தெரிந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி எங்கே போவது? அவளுடைய தையல் மெஷினை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு அது இருந்த ஜன்னலோரத்தில் மருமகள் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறாள், மகனும் அதைத் திறந்து ஐஸ் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறான். டேப்பைச் சுருட்டி உள்ளங்கைக்குள் அமுக்கிக்கொண்டாள். மகன் விமான நிலைய வாசல் வரை வந்து பெட்டியை இறக்கினான், பாவம் நல்ல பிள்ளைதான், "பாத்துப் போம்மா" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே என்றாலும் சொன்னானே... வேறு ஏதோ ஒன்று சொல்வான் என்று ஏன் நின்றாள், பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டும் வரை?

கோட்டுக்காரர் போய்விட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, மகன் வயதுதான் இருக்கும், சட்டையில் தமிழ்ப் பெயர், ரேகை வைக்கிற கருவியைக் காட்டினார். கையை விரித்துத்தானே ஆக வேண்டும்? விரித்தாள். டேப் மேஜையில் விழுந்து, சுருள் பிரிந்து, அவர் பக்கமாகவே ஓடியது.

"டெய்லரா?"

"ஆமா" என்று வந்துவிட்டது, போச்சு, எல்லாம் போச்சு.

"இங்க வேலைக்கா வந்திருக்கீங்க?"

"அக்காவைப் பாக்க..."

அவர் டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எப்பம்மா திரும்பிப் போவீங்க?"

டிக்கெட்டில் உள்ள தேதி வழியெல்லாம் மனப்பாடம் செய்தது, நாக்கு நுனியிலேயே இருக்கிறது. இதைத்தானே... வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றது இந்த ஒரு கேள்விக்குத்தானே? மகன் கேட்டிருந்தால் இதே தேதியைச் சொல்லியிருப்பாள், அது பொய்யாகவும் இருந்திருக்காது.

அதிகாரி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.