அக்கா கோர்த்த சக்கரம்

"முன் சக்கரத்துல எமன் உக்காந்திருக்கான்கா."

தம்பி சொன்னதில் பாதி நடிப்பு. மெக்கானிக்குகளுக்கு அது தொழிலோடு சேர்ந்து வருவது. மீதிப் பாதி உண்மை. அக்கா தள்ளிக்கொண்டு வந்த பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரத்தை அவன் தட்டிச் சுழற்றினான். குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி அது இந்தப் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து வந்தது. ரிம்மில் ஓரிடத்தில் உள்ளங்கை உட்காரும் அளவுக்குப் பள்ளம். அறுந்த ஸ்போக்ஸ் கம்பிகள் கிணுகிணுத்தன. முந்தின நாள் மழையில் நிரம்பிய குழி ஒன்று, நல்ல சாலை போல வேஷம் போட்டு அவளை உள்ளே இழுத்ததன் பலன்.

அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது தம்பியின் ஒர்க்‌ஷாப் சுவரில் இருந்த காலண்டரை.

இன்று சனி. திங்கள் காலை தேர்வு.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்கு பைக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளர் தேவை. சொந்த வண்டியில் வர வேண்டும். அந்த வண்டி பரிசோதனையில் தேற வேண்டும். பரிசோதிப்பவர் தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு ஊர் வைத்திருந்த பெயர் பிரேக் மேடம். வந்தவர்களின் ஆசைக்கெல்லாம் பிரேக் போட்டு அனுப்பியதால் கிடைத்த பட்டம். ஒரு தடவை தவறவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். தவணை கேட்பதெல்லாம் அவரிடம் நடக்காது.

அவள் தையல்காரி. கல்யாணமான நாள் முதல் வீட்டு முன்னறையில் தையல் மெஷினை மிதிக்கிறாள். மிதித்த மிதிக்கு அந்த மெஷின் நகர்ந்திருந்தால் இந்நேரம் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பாள். அது நகரவில்லை. நகர்ந்தது இந்த பைக்தான். தெருவில் பாதிப் பெண்களுக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் அவள்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அந்த வேலை ஏற்கெனவே அவளுடையது. பிரேக் மேடத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியாது.

"புது ரிம் போட்டுக் கோத்துக் குடுடா."

"கோக்குறவன் கல்யாணத்துக்குப் போயிருக்கான்."

"போன் பண்ணு. பாதியில வந்துட்டுப் போகட்டும்."

"மாப்பிள்ளையே அவன்தான்கா."

"நீ கோக்க மாட்டியா?"

"நான் இன்ஜின் ஆளு" என்றான் தம்பி, கூரையைப் பார்த்துக்கொண்டு. எனக்குத் தெரியாது என்பதை அவன் எப்போதும் கூரையிடம்தான் சொல்வான். தொட்டிலில் ஆட்டி வளர்த்தவளுக்கு அது தெரியாதா?

அவள் அலமாரியைக் காட்டி, புது ரிம்மும் கம்பி செட்டும் எடுத்துத் தரச் சொன்னாள். வீட்டில் நானே கோர்த்துக்கொள்கிறேன் என்றாள். தம்பி சிரித்தான். கடைப் பையன்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இது ஜாக்கெட் இல்லை, பிரிந்தால் ஊக்கு குத்திக்கொள்ள முடியாது என்றான். பின் சக்கரம் காலை வாரினால் இடுப்பு போகும், முன் சக்கரம் காலை வாரினால் கழுத்து போகும் என்றும் சொன்னான்.

அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

"சரி. நீ கோத்த சக்கரம் மட்டும் நேரா ஓடட்டும்," என்றான், பையன்கள் காதில் விழும்படி. "உன் பின்னாடி உக்காந்து கடைத்தெரு முழுக்க வர்றேன். பட்டப்பகல்ல."

"ஹெல்மெட்டைத் தொடச்சு வை" என்றாள்.

முன்னறையில் தையல் மெஷின் சுவரோரம் ஒதுங்கியது. நடுவில் ஒரு மர ஸ்டூல் தலைகீழாகக் கவிழ்ந்தது. அதன் கால்களில் காடி வெட்டி, சக்கரத்தின் அச்சை அதில் படுக்கவைத்தாள். அவளுடைய பட்டறை தயார்.

பழைய கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் போனில் படம் எடுத்தாள். அதோடு விடவில்லை. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் விளிம்புக் காதுக்கு வெளியிலிருந்து நுழையும் கம்பிகளுக்குச் சிவப்பு நூல், உள்ளிருந்து நுழைபவற்றுக்கு நீல நூல். ஒன்று முன்பக்கம் சாயும், அடுத்தது பின்பக்கம் சாயும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டும். பின்னல் புரிந்துவிட்டது. பின்னல் புரிந்தபின் அவளை யாராலும் நிறுத்த முடியாது.

தம்பி போன் பண்ணினான். பிரிப்பதற்கு முன் அளவெல்லாம் எடுத்தாயா என்று கேட்டான். அளவெடுக்காமல் நான் எதைத் தொட்டிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அந்தக் கேள்வியை அவள் இன்னொரு தடவை யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

புது ரிம்மைத் தரையில் வைத்தாள். ஹப்பின் இரண்டு காதுகளுக்கும் நடுவே இன்ச் டேப்பை வைத்து, பாதியாக மடித்து, மடிப்பில் சாக்பீஸால் கோடு போட்டாள். ரிம்மின் நடுவிலும் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் ஒரே நேரில் வர வேண்டும். துணியை மடித்து நடு மடிப்பில் கோடு போடாமல் எந்தத் தையல்காரியும் கத்திரிக்கோலைத் தொட மாட்டாள்.

எல்லாக் கம்பிகளையும் கோர்த்து, கம்பி நுனியைப் பிடிக்கும் நிப்பிள் திருகுகளை விரலால் மட்டும் திருகினாள். முதலில் ஓட்டுத்தையல். இறுக்குவது அப்புறம். ஒரே கம்பியைப் பிடித்து முழுக்க இறுக்கினால், ஒரு நூலை மட்டும் இழுத்த பாவாடை மாதிரி ரிம் சுருங்கிக்கொள்ளும். சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

அடுத்தது கோட்டம் எடுப்பது. ஸ்டூல் காலில் சாக்பீஸைக் கட்டி, ரிம்மை ஒட்டினாற்போல் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினாள். எந்த இடம் பக்கவாட்டில் பிதுங்குகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸ் தானே கோடு இழுத்துக் காட்டிக்கொடுத்தது. கோடு விழுந்த இடத்தில் இந்தப் பக்கக் கம்பியைத் தளர்த்தி, அந்தப் பக்கக் கம்பியை இறுக்கினாள். துடைத்தாள். மறுபடி சுழற்றினாள். கோடு குறுகியது. பிறகு புள்ளியானது. மேலும் கீழும் துள்ளிய துள்ளலையும் அதே பொறுமையோடு அடக்கினாள்.

கணவர் சலூனைச் சாத்திவிட்டு வந்தபோது, நடுவீட்டில் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. ஹாலில் பைக் வளர்க்கிறாயா என்றார். அவள் அவர் கையில் ஒரு அரத்தைக் கொடுத்தாள். நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளை ராவ வேண்டும். இல்லாவிட்டால் டியூபைக் குத்தும். அவர் ராவிவிட்டு, ஷேவ் பண்ணின கன்னத்தைத் தடவுவது போல ரிம்மின் உட்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க ஒரு முள்ளு முடி இருக்கு" என்று சொல்லி மறுபடி ராவினார். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டினார். எல்லாம் ஒரே மாதிரி கணீரென்றன. ஒன்று மட்டும் செத்த சத்தம் போட்டது. அவள் நிப்பிள் திருகும் சாவியால் அதை அரைத் திருப்புத் திருப்ப, அதற்கும் உயிர் வந்தது.

ஞாயிறு மதியம் தம்பி வந்தான். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். சக்கரம் நின்ற இடத்தில் நிற்பது போலச் சுற்றியது.

"ம்" என்றான்.

மெக்கானிக்குகள் ஊரில் 'ம்' என்றால் மாலை மரியாதை. அவள் முகம் மலர்ந்தது. டயரை ஏற்றி, இரண்டு பேருமாகச் சக்கரத்தைத் தூக்கி, அதை இரண்டு பக்கமும் கால்போல் பிடித்துக்கொள்ளும் ஃபோர்க்கில் மாட்டினார்கள்.

அப்போதுதான் கணவர் கேட்டார். "ஏன், இப்படித்தான் இருக்கணுமா?"

இடது ஃபோர்க் காலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. வலது பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

தம்பி தன் விரலை விட்டு மறுபடி பார்த்தான்.

கோணலில்லாத சக்கரம், கோணலாக நின்றது. இதை ஓட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் மேடம் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

"அடி ஃபோர்க்குலயும் பட்டிருக்கு போல," என்றான் தம்பி. குரலில் கேலி இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ஃபோர்க்கு வளைஞ்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. திங்கக்கெழமைய மறந்துடு."

அவள் சக்கரத்தை மறுபடி கழற்றினாள். ஃபோர்க்கின் கால்கள் நெடுக நூலை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நூல் எங்கும் விலகவில்லை. இரண்டு கால்களுக்கும் உள்ள இடைவெளியை மேலே அளந்தாள், கீழே அளந்தாள். ஒரே அளவு. ஃபோர்க் நிரபராதி.

அப்படியானால் குற்றவாளி அவள் கோர்த்த சக்கரம்தான்.

ஹப்பைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம் பிரேக் தட்டு, ஒரு விரல் கனத்துக்கு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. அவளுடைய வாடிக்கையாளர் ஒரு டீச்சர் ஞாபகம் வந்தார். அவருக்கு ஒரு தோள் கொஞ்சம் இறக்கம். மற்ற தையல்காரர்கள் துணியைச் சமமாக மடித்து வெட்டியதால், அவர் போட்ட எந்த ஜாக்கெட்டும் ஒரு பக்கம் நழுவியது. அவள் ஒருத்திதான் டீச்சரை நிற்கவைத்துத் தோள் தோளாக அளந்தாள்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் துணியை அளந்துட்டேன்டா. போடுற ஆளை அளக்கல."

தம்பிக்குப் புரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். ஹப்பின் காதுகளுக்கு நடு எதுவோ அது ஃபோர்க்குக்கு நடு இல்லை. பிரேக் தட்டு தின்றுவிட்ட இடத்தைக் கணக்கில் எடுத்து, ரிம் வலது பக்கம் தள்ளி நிற்க வேண்டும். பழைய சக்கரம் அப்படித்தான் நின்றிருக்கும். பிரிப்பதற்கு முன் அதைத்தான் அளந்திருக்க வேண்டும்.

தம்பி கூரையைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவளைப் பார்த்தான். "மேடத்துக்கிட்ட ஒரு வாரம் தள்ளிக் கேக்கலாம்கா. நானே வந்து பேசுறேன்."

"பிரிச்சுத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நெனைக்கிற?"

இந்தத் தடவை ஸ்டூல் இல்லை. ஃபோர்க்கிலேயே மாட்டி வைத்து, இன்ஜினுக்குக் கீழே கட்டை கொடுத்துச் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினாள். இடது காதிலிருந்து வரும் எல்லாக் கம்பிகளையும் ஒரே அளவு தளர்த்துவது, வலது காதுக் கம்பிகளை அதே அளவு இறுக்குவது. ரிம் முழுசாக, வளையாமல், வலது பக்கம் நகர வேண்டும். ஒரு சுற்று முடிந்தது. ரிம் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. அடுத்த சுற்றில் நகர்ந்தது.

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டது யார் என்று பார்த்தாள். இன்ஜின் ஆள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் சாவியோடு காத்திருந்தான்.

"உன் பக்கம் தளர்த்து. நான் சொல்ற அளவு மட்டும். முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாத."

அவன் முந்தவில்லை. கணவர் டீ போட்டுக்கொண்டு வந்து, மச்சானுக்குக் குனிந்து வேலை செய்யவும் தெரியும் போலிருக்கிறதே என்றார். மச்சான் சாவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவ்வளவு கவனம்.

தெருவிளக்கு எரியும் நேரத்தில், அவள் கட்டை விரலை டயருக்கும் இடது காலுக்கும் நடுவே விட்டு எடுத்தாள். வலது பக்கம் விட்டு எடுத்தாள். இரண்டு பக்கமும் விரல் ஒரே மாதிரி உரசி வந்தது. சாக்பீஸைப் பிடித்துச் சுழற்றினாள். கோடே விழவில்லை.

திங்கட்கிழமை.

பிரேக் மேடம் ஒல்லியாக, உயரமாக, யாரோ தன்னிடம் பொய் சொல்லப்போகிறார்கள் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட முகத்தோடு நின்றிருந்தார். பைக்கைச் சுற்றி வந்தார். முன் சக்கரத்தின் முன்னால் நின்றார். கம்பிகளைச் சாவிக்கொத்தால் வருடிக்கொண்டே போனார். கணீர், கணீர், கணீர். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

மைதானத்தின் நேர்கோட்டில் வண்டி வேகமெடுத்தது. வேலியோரம் நின்ற தம்பி ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். பாதித் தூரத்தில் பிரேக் மேடம் இரண்டு கைகளையும் கைப்பிடியிலிருந்து தூக்கினார்.

அவள் முன் சக்கரத்தையே பார்த்தாள்.

சக்கரம் நடுங்கினால் வேலை போயிற்று. இடது பக்கம் இழுத்தாலும் போயிற்று. பிரேக் மேடத்தின் கைகள் அந்தரத்தில் நின்றன. வண்டிக்கு அடியில் இருந்த வெள்ளைக்கோட்டை விட்டு டயர் விலகவில்லை. நூல் பிடித்த மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. கோடு முடியும் இடத்தில்தான் கைகள் இறங்கின.

திரும்பி வந்து இன்ஜினை அணைத்தார்.

"முன் சக்கரம் புதுசு. எந்தக் கடை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது. "கடையில இல்லைங்க மேடம். எங்க அக்கா வீட்டுலயே கோத்தது. நான் மெக்கானிக்கு, நான் சொல்றேன். எனக்கே தெரியாது இந்த வேலை."

இதைச் சொல்லும்போது அவன் கூரையைப் பார்க்கவில்லை. மைதானத்தில் கூரை இல்லை என்பது வேறு விஷயம்; வானத்தையும் பார்க்கவில்லை.

பிரேக் மேடம் அவளை மேலும் கீழும் அளந்தார். "நாளைலேருந்து வாங்க. முதல் வகுப்புல வண்டி ஓட்ட வேண்டாம். சக்கரம்னா என்னன்னு கத்துக்க வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுங்க."

கடைத்தெருவில் அப்போது நல்ல கூட்டம். ஹெல்மெட் மாட்டிய மெக்கானிக், அக்காவின் பின்னால் இரண்டு கால்களையும் ஒழுங்காக வைத்து உட்கார்ந்து வந்தான். டீக்கடையிலிருந்து ஒருவர், என்ன மெக்கானிக், உன் வண்டி ரிப்பேரா, வேற நல்ல மெக்கானிக் யாரையாவது சொல்லட்டுமா என்று கத்தினார்.

"யோவ், அக்காவைப் பார்க்காத. சக்கரத்தைப் பாரு" என்று பதிலுக்குக் கத்தினான் தம்பி. "கோட்டம் இருக்கா சொல்லு. இருக்கா?"

அடுத்த கடைக்கும் அதையே சொன்னான். கேட்காதவர்களுக்கும் சொன்னான். தன் ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டும்போது, சனிக்கிழமை சிரித்த பையன்கள் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் எட்டிச் சாய்ந்து, சுழலும் முன் சக்கரத்தை விரலால் சுட்டினான். வண்டி லேசாக ஆடியது.

"அக்கா, ஆடுதே?"

"சக்கரம் ஆடலடா" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ ஆடுற. நேரா உக்காரு."