காது வலிக்கு வந்தவள்

1

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. 'எடைதான் உங்கள் எதிரி.' அட்டையில் ஒரு பெரிய வயிறு. அதற்கு மேலே தலையைக் காணோம், வெட்டிவிட்டார்கள். இதை எழுதின புண்ணியவதிக்கு ஓர் அக்கா இருந்து, அவளும் பருமனாக இருந்தால் என்று சும்மா நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், வீட்டில் கதை எழுத உட்கார்ந்ததும் அந்தத் தங்கை வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பிரசுரம் எழுதுவது அவள் வேலை. இதையே மரியாதையாகத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம்.

2

இனி அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும்.

மூச்சிரைக்கப் படியேறி வந்த அக்கா... [அடித்துவிட்டேன். தங்கை முறைத்தாள்.]

சாப்பாட்டைக் கண்டால் அக்காவுக்கு... [இதையும். அவள் சாப்பிட்டு நான் எங்கே பார்த்தேன்?]

பருமனாக இருந்தாலும் முகத்தில் ஒரு களை... [அந்த 'இருந்தாலும்' யார் கேட்டது?]

அக்கா, சின்னப் பிள்ளைகள் பள்ளியில் பாட்டு டீச்சர். வகுப்பே சேர்ந்து பாடும்போது எந்தப் பிள்ளை சுருதி விலகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இடது காதில் வலி. இப்போதெல்லாம் பிள்ளைகளின் பாட்டு குளத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. சில சமயம் அது அழகாகக்கூட இருக்கிறது என்கிறாள். அதுதான் தங்கைக்குப் பயம்.

3

தங்கை, திருத்தி எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். காய்கறி, நடை, தூக்கம். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அக்கா வலது காதைத் திருப்பி வைத்துக் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு யார் சொன்னா?"

பிறகு நடந்ததைச் சொன்னாள். காது வலி என்று போனாளாம். டாக்டர் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, முதலில் எடையைக் குறையுங்கள் என்றாராம். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை.*

"காதைக் காட்டப் போனேன். வயித்தைப் பார்த்து அனுப்பிட்டார். இனிமே எங்கேயும் போறதா இல்ல."

தங்கை அந்தக் காகிதத்தை மடித்தாள். போகாமலே இருந்தால் காதே கேட்காமல் போய்விடும்.

* அங்கே நாற்காலிகளெல்லாம் குறுகல், இரண்டு பக்கமும் கைப்பிடி வேறு. அக்கா நின்றுகொண்டே காத்திருந்தாள். இதை அவள் தங்கையிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்தான்.

4

தங்கை எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள்.

'எதற்காக வந்தீர்களோ அதை முதலில் சொல்லுங்கள். அதைப் பார்க்கும்படி கேளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையை இறுக்கினால் பெரிய பட்டை கேளுங்கள். சின்னது அளவைக் கூட்டிக் காட்டும். எடையைப் பற்றிப் பேச எப்போது தயார் என்பதை நீங்களே சொல்லலாம்.'

அட்டைக்கு, பாடிக்கொண்டிருக்கும் அக்காவின் படம், தலையோடு.

அக்கா அதை வாங்கிப் படித்தாள்.

"இதை டாக்டரும் படிப்பாராடி?"

தங்கை என்னைப் பார்த்தாள். படிப்பார் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று அக்கா செருப்பை மாட்டினாள்.

5

கதை எழுதுகிறவருக்குச் சில வசதிகள் உண்டு. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி ஒன்றைப் போட்டேன். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெயிலை விட்டேன். தூரத்தில் பிள்ளைகள் பாடுகிறார்கள். தண்ணீருக்குள் பாடுவதுபோல அந்தப் பாட்டு தரையெல்லாம் பரவி வருகிறது. அக்கா உட்கார்ந்து, கண்ணை மூடி, விரலால் தாளம் போடுகிறாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல டாக்டரை எழுதினேன். காதைப் பார்த்தார், மருந்து தந்தார், சுபம். தங்கையே நம்பவில்லை. பழைய டாக்டரையே திரும்ப எழுத உட்கார்ந்தேன். அக்கா எழுந்து திரும்பி நடக்கத் தொடங்கினாள்... [முடியவில்லை. அடித்துவிட்டேன்.]

ஆகவே டாக்டரின் வெள்ளைக் கோட்டை, வாசிக்கிற உங்களுக்கு மாட்டிவிட்டேன். இனி நீங்கள்தான் டாக்டர்.

கதவு திறக்கிறது. அக்கா உள்ளே வருகிறாள்.

"காது வலிக்குது டாக்டர்."

கேட்கிற காதை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருக்கிறாள்.